சாவிச் சலங்கை

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கள் டீச்சர். எனக்குக் காற்று ஆகாது. இந்த இடது காதில் சவ்வு கிழிந்ததிலிருந்து காற்றுப் பட்டால் உள்ளே விசில் அடிக்கும். கிழிந்த கதையை அப்புறம் சொல்கிறேன். சொல்லாமலும் விட்டுவிடலாம். நான் அவ்வளவாகப் பேசுகிற ஆள் இல்லை.

டீச்சர் என்று எப்படித் தெரியும் என்று பார்க்கிறீர்கள். மடியில் விடைத்தாள் கட்டு, விரலில் சிவப்பு மை. திண்டுக்கல் பஸ் நிலையத்திலேயே கவனித்தேன். ஒரு பையனுடைய தாளைக் கூட்டினீர்கள், அறுபத்தேழு வந்தது. மறுபடி கூட்டினீர்கள், அறுபத்தொன்பது. மூன்றாவது தடவையும் கூட்டிவிட்டுத்தான் போட்டீர்கள். எனக்கு அது பிடித்திருந்தது. நானும் அப்படித்தான். பெண்கள் ஜெயிலில் வார்டராக இருந்தேன். காலையில் திறக்கும்போது தலை எண்ண வேண்டும், சாயங்காலம் அடைக்கும்போது தலை எண்ண வேண்டும். நான் இரண்டு தடவை எண்ணுவேன். கூட இருந்தவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். "ஏன் அமலம், நீ எண்ணுறதுக்குள்ள அவளுகளுக்கு விடுதலையே வந்துரும்" என்பார்கள். முழுப்பெயர் அமலோற்பவ மேரி. அதை யாரும் முழுதாகச் சொன்னதில்லை, சம்பளப் பட்டியலைத் தவிர.

மார்க் போடுகிறவர் பக்கத்தில் இடம் கிடைத்ததால்தான் வாயைத் திறக்கிறேன். நீங்கள் மணப்பாறையில் இறங்கிவிடுவீர்கள். நான் திருச்சி போய்ச் சென்னை பஸ் பிடிப்பேன். இனிமேல் நாம் ஒருவரையொருவர் பார்க்கப் போவதில்லை. அந்த தைரியம்தான்.

இந்தப் பைக்குள் ஒரு டப்பா இருக்கிறது. அதற்குள் ஒரு பதக்கம். வீரச் செயலுக்காக எனக்குக் கொடுத்தது. அதைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன்.

என் மகனும் இப்படித்தான் பார்த்தான். "அம்மா, அத வாங்கிக்க அங்க ஒரு ஆளும் இருக்க மாட்டான். குடுக்குறதுக்குத்தான் ஆபீஸ் வச்சிருக்கான், வாங்குறதுக்கு இல்ல" என்றான். மருமகள், "பீரோவுல கெடந்துட்டுப் போகட்டும் அத்தை, அது என்ன சோறா கேக்குது" என்றாள். கேட்கிறது. அவளுக்குக் கேட்காது, எனக்குக் கேட்கும். பீரோவைத் திறக்கிறபோதெல்லாம், "நீ யார், நான் ஏன் உன் வீட்டில் இருக்கிறேன்" என்று கேட்கிறது.

பின்னால் ஏதோ சத்தம். யாரோ போனில் கத்துகிறார்கள் போல. விடுங்கள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த வேலையே என்னுடையது இல்லை. என் வீட்டுக்காரருடையது. பெயர் வியாகுலம். ஆண்கள் ஜெயிலில் வார்டர். எந்த ஊர் ஜெயில் என்பது வேண்டாம், இருக்கிறவர்களுக்கு எதற்குச் சங்கடம்.

ஜெயில் சாவி நம் வீட்டுச் சாவி மாதிரி இருக்காது. ஒவ்வொன்றும் முழு விரல் நீளம், கனத்த இரும்பு. ஏழெட்டுச் சாவி ஒரு பெரிய வளையத்தில் கோத்திருக்கும். கையில் எடுத்து நாலடி வைத்தால் சலக் சலக் என்று தெருவுக்கே கேட்கும். அவர் கையில் கேட்காது. எப்படிப் பிடிப்பாரோ, செத்த எலியைப் பிடித்த மாதிரி தொங்கும். "பயந்தவன் கையிலதான் சாவி பேசும் அமலம். என் கையில அது தூங்கும்" என்பார். அதில் அவருக்கு ரொம்பப் பெருமை.

ஒரு காலையில் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார். உள்ளே இருந்தவன் சாப்பாட்டுக் கரண்டியின் காம்பைத் தரையில் தேய்த்துத் தேய்த்து ஊசியாக்கி வைத்திருந்தான். காதுக்குக் கீழே குத்தினான். உருவி மறுபடி குத்தினான். சுவரில் என் உயரத்துக்கு ரத்தம் அடித்திருந்தது என்று கூட இருந்தவர் சொன்னார். அப்படிச் சொன்னவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. நான்கு குத்து. குளிப்பாட்டுகிறபோது ஒவ்வொன்றிலும் விரல் வைத்து எண்ணினேன். வலது கை மட்டும் சாவி வளையத்தைப் பிடித்த மாதிரியே மடங்கி இருந்தது. சாவியை ஆபீஸில் வாங்கிக்கொண்டார்கள். கையை என்னால் நிமிர்த்த முடியவில்லை. அப்படியேதான் பெட்டியில் வைத்து மூடினோம்.

குத்தியவன் கோர்ட்டில் சொன்னான். "அவரு வந்த சத்தமே கேக்கல சாமி. திடுதிப்புனு முன்னாடி நிக்கிறாரு. என்னைய அடிக்கத்தான் வந்துட்டாருன்னு பதறிட்டேன்." ஜட்ஜ் அதை நம்பவில்லை. நான் நம்பினேன். சாவியை அவ்வளவு சுத்தமாகப் பிடிப்பார் அவர்.

அவர் செத்ததால் எனக்கு வேலை கொடுத்தார்கள். கருணை அடிப்படையில் என்று ஆர்டரிலேயே போட்டிருந்தது. கருணை. பத்தாம் வகுப்பு இரண்டாவது தடவையில் பாஸ் செய்தவள், சந்தையில் கத்திரிக்காய் பேரம் பேசவே கூச்சப்படுகிறவள், காக்கிச் சேலை கட்டிக்கொண்டு கொலைகாரிகளைக் காவல் காக்கப் போனேன். ரிசர்வ் செய்தவர் வருகிறவரைக்கும் உட்கார்ந்துகொள்ளலாம் என்று ரயிலில் அடுத்தவர் சீட்டில் உட்காருவோமே, அப்படித்தான் உட்கார்ந்தேன். ஒருவர் வந்து தோளைத் தட்டி, "எந்திரிங்கம்மா, இது உங்க எடம் இல்ல" என்று சொல்வார் என்று காத்துக்கொண்டே இருந்தேன். ரிட்டயர்மெண்ட் அன்றைக்கு மாலை போட்டுத் தோளைத் தட்டினார்கள். அப்போதும் அதுதான் என்று நினைத்துத் திடுக்கிட்டேன்.

முதல் நாளே சாவி காட்டிக்கொடுத்துவிட்டது. வாசலில் வளையத்தை வாங்கினேன். உள் கேட்டுக்கு நடந்தேன். சலக், சலக், சலக். உள்ளே இருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அன்றைக்கு ஒரு முடிவு செய்தேன். என்றைக்குச் சாவி சத்தம் போடாமல் வாசலிலிருந்து உள் கேட்டு வரைக்கும் நடக்கிறேனோ, அன்றைக்குத்தான் நான் வார்டர். அதுவரைக்கும் வேஷம்.

நீங்கள் மார்க் போடுகிற மாதிரி நானும் போட்டேன், எனக்கே. ஐந்து வரைக்கும். சாவி தூக்கத்தில் புரண்டு படுக்கிற மாதிரி ஒரே ஒரு கிணுக் என்றால் ஒன்று. சின்னப் பிள்ளை கொலுசு மாதிரி என்றால் இரண்டு. மூன்று, ஆடுகிறவள் சலங்கை. நான்கு, மாட்டு வண்டி. ஐந்து என்றால் சாவியோடு பல்லும் சேர்ந்து அடிக்கும். தினமும் சாயங்காலம் எனக்கு நானே மார்க் சொல்லிக்கொள்வேன். பூஜ்யம்தான் பாஸ். கடைசி வரைக்கும் நான் பாஸ் ஆகவே இல்லை டீச்சர். நல்ல நாளில் இரண்டு. மற்றபடி மூன்று, நான்கு.

தனபாக்கியம் என்று ஒருத்தி இருந்தாள், எனக்கு சீனியர். அவள் சாவியைக் கைக்குட்டையில் இறுக்கிச் சுற்றி அக்குளில் வைத்துக்கொள்வாள். பூனை மாதிரிப் போவாள். பீடி பிடிக்கிறவள், சண்டை போடுகிறவள், சும்மா அழுகிறவள், யாராக இருந்தாலும் பின்னால் போய் நின்று, அந்தக் கைக்குட்டை மூட்டையாலேயே முதுகில் போடுவாள். ஒருத்திக்குத் தோள்பட்டை எலும்பு விட்டுப்போனது. "வழுக்கி விழுந்துட்டா" என்று எழுதினார்கள். தனபாக்கியத்தைக் கண்டால் எல்லோருக்கும் நடுக்கம். அவள் வார்டர். "நீயும் துணியில சுத்திக்கடி. வழி பூரா நாதஸ்வரம் வாசிச்சிக்கிட்டே போற" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஒரு வாரம் சுற்றிப் பார்த்தேன். சத்தமே இல்லை. ஆனால் அது காப்பி அடித்துப் பாஸ் பண்ணுகிற மாதிரி இல்லையா? துணி பாஸ் பண்ணுகிறது, கை பாஸ் பண்ணவில்லை. அவிழ்த்துவிட்டேன்.

உள்ளே எனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். சலங்கை. நான் வருகிறபோது ஒருத்தி சொல்வாள், "ஏய், சலங்கை வருதுடி." இன்னொருத்தி சிரிப்பாள். என் பயத்துக்கு நான் மூன்று மார்க் போட்டு வைத்திருந்தேன் அல்லவா, ஆடுகிறவள் சலங்கை என்று? அதே பெயரை அவர்களாகவே வைத்திருந்தார்கள். எனக்கு எப்படி இருந்திருக்கும். ரகசியமாகப் போட்ட மார்க்கை நோட்டீஸ் போர்டில் ஒட்டின மாதிரி இருந்தது.

அது போன் இல்லை டீச்சர், பின் சீட்டில். ஒரு ஆள் பொண்டாட்டியைத் திட்டுகிறான். வடமதுரையில் ஏறினார்களே, அந்தப் பச்சைச் சேலை. கண்டக்டர் பார்த்துவிட்டு டிக்கெட் எண்ணப் போய்விட்டார். நாமும் பார்க்க வேண்டாம். பார்த்தால் இன்னும் கூடும்.

எங்கே விட்டேன்? ஆமாம், அந்தக் கோடை. எல்லாம் அந்த ஒரு கோடையில்தான்.

முதலில் வெளியூரிலிருந்து ஒரு மேடம் வந்தார்கள், எங்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுக்க. மனநல ஆலோசகர். ஹேமா மேடம். மின்விசிறிக்குக் கீழே எங்களை உட்காரவைத்து ஒரு வியாதியைப் பற்றிச் சொன்னார்கள். இம்போஸ்டர் என்னவோ. எனக்கு பாஸ்டர் என்றுதான் காதில் விழுந்தது. பாஸ்டருக்கு வருகிற வியாதி போல என்று நினைத்தேன். நாங்கள் ஃபாதர் கோவில், பாஸ்டர் எல்லாம் பெந்தெகொஸ்தேக்காரர்களுக்கு. அதனால் நமக்கு வராது என்று முதல் பத்து நிமிஷம் கவனிக்கவே இல்லை.

அப்புறம் விளக்கினார்கள். சிலர் நன்றாக வேலை செய்வார்களாம், ஆனாலும் தான் ஒரு போலி, என்றைக்காவது கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடுவார்கள் என்று உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டே இருப்பார்களாம். அதை அளக்க இருபது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரைக்கும் நாமே மார்க் போட வேண்டும். ஐந்து என்றால் முழுக்க முழுக்க அப்படித்தான். என் சாவிக் கணக்கும் ஐந்துதான் என்பதால் எனக்குச் சுலபமாக இருந்தது. இருபது கேள்வி. நூற்றுக்கு நூறு.

என் வாழ்நாளில் நான் வாங்கின ஒரே நூறு அதுதான் டீச்சர்.

தனபாக்கியம் இருபத்திரண்டு வாங்கினாள். "எனக்கு ஒரு வியாதியும் இல்லப்பா" என்று சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள். மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இவ்வளவு நாளா இத மனசுல சுமந்துக்கிட்டா வேலை பார்த்தீங்க?" என்று கையைப் பிடித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. ஆனால் ஒரு சந்தேகமும் வந்தது. கேட்டுவிட்டேன். "மேடம், நெசமாவே போலியா இருக்கிறவங்க இதுல எத்தனை வாங்குவாங்க?"

மேடம் சிரித்தார்கள். "நெஜமான போலிக்கு இந்தப் பயமே வராதும்மா. நல்லா தூங்குவாங்க."

படித்தவர்கள் அன்பாகச் சொல்கிறார்கள், எதிர்த்துப் பேசக் கூடாது என்று பேசாமல் வந்துவிட்டேன். ஆனால் நீங்களே சொல்லுங்கள். திறமை இருந்தும் இல்லை என்று நினைத்தால் அது வியாதி. எனக்கு இல்லை, இல்லை என்று நினைக்கிறேன். இதில் வியாதி எங்கே வந்தது? கூட்டல் சரியாகத்தானே இருக்கிறது? அந்த நூறையும் நான் தகுதி இல்லாமல்தான் வாங்கினேன். அதைத் திருப்பிக் கொடுக்க ஆபீஸ் இல்லை, அவ்வளவுதான்.

அதே கோடையில்தான் பவுனு உள்ளே வந்தாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது. சொந்தக் குழந்தையைக் கிணற்றில் தள்ளிக் கொன்றாள் என்று கேஸ். உண்மையில் குழந்தை வழுக்கி விழுந்திருக்கிறது. இவள் காப்பாற்றக் குதித்திருக்கிறாள். ஊர் வந்து இவளை மட்டும் தூக்கியிருக்கிறது. இதெல்லாம் கோர்ட் பின்னால் சொன்னது. அப்போது யாருக்குத் தெரியும்? உள்ளே இருக்கிறவர்கள் எதை வேண்டுமானாலும் பொறுப்பார்கள், பிள்ளையைக் கொன்றவளை மட்டும் பொறுக்க மாட்டார்கள். எல்லோரும் பிள்ளையை வெளியே விட்டுவிட்டு வந்தவர்கள்தானே. சோற்றில் துப்பினார்கள். படுக்கிற இடத்தில் தண்ணீர் ஊற்றினார்கள். நான் பார்த்தேன், கண்டித்தேன், ஆனால் என் கண்டிப்புக்கு எவள் பயப்படுவாள்?

அந்த வருஷம் போர்க் கிணறு வற்றிவிட்டது. லாரித் தண்ணீர்தான். அன்றைக்குக் காலையில் லாரி வந்து, முற்றத்தில் இருக்கிற சிமெண்டுத் தொட்டியை நிரப்பிவிட்டுப் போனது. வாளியோடு வரிசை. பவுனு வாளியில் தண்ணீர் மொண்டாள். வெள்ளத்தாய் என்று ஒருத்தி, உள்ளே அவள் வைத்ததுதான் சட்டம், வந்து பவுனுடைய தலைமுடியைக் கொத்தாகப் பிடித்தாள். "பிள்ளையத் தண்ணியில போட்டவ. நீ தொட்ட தண்ணிய நாங்க குடிக்கணுமா?" என்று சொல்லிக்கொண்டே தொட்டிக்குள் தலையை அமுக்கினாள்.

தடுக்க வந்த ஒருத்திக்கு வெள்ளத்தாயின் கூட்டத்திலிருந்து வாளியால் முகத்தில் ஒரு போடு. மூக்கு உடைந்தது. அடிபட்டவளுடைய ஆட்கள் எழுந்தார்கள். அவ்வளவுதான், முற்றம் முழுக்கத் தீப்பிடித்த மாதிரி ஆகிவிட்டது. அலுமினியத் தட்டை மடக்கி விளிம்பால் வெட்டினார்கள். கொதிக்கிற கஞ்சியை அண்டாவோடு தள்ளிவிட்டார்கள். ஒருத்திக்குத் தொடை முழுக்கத் தோல் வழன்றுவிட்டது. அவள் போட்ட சத்தம் இன்றைக்கும் இந்தக் கிழிந்த காதில் இருக்கிறது. தனபாக்கியம் உள்ளே இருந்தாள். அவளைக் கண்டதும் நாலைந்து பேர் சண்டையையே விட்டுவிட்டு அவள்மேல் பாய்ந்தார்கள். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணை மறைக்க, எப்படியோ தவழ்ந்து வெளியே வந்து விழுந்தாள். நான் கேட்டுக்கு வெளியே நின்றேன். கேட்டைப் பூட்டினேன். விசில் ஊதினேன்.

விதி அதுதான் டீச்சர். பூட்டு, விசில் ஊது, ஆண்கள் பக்கத்திலிருந்து படை வருகிறவரைக்கும் காத்திரு. உள்ளே போகக் கூடாது. தனியாகப் போகவே கூடாது.

கம்பி வழியாகத் தொட்டி தெரிந்தது. வெள்ளத்தாயின் முதுகு தெரிந்தது. அவளுடைய இரண்டு கையும் முழங்கை வரைக்கும் தண்ணீருக்குள் இருந்தன. பவுனுடைய கால் தரையை உதைத்துக்கொண்டிருந்தது. நான் எண்ண ஆரம்பித்தேன். பழக்கதோஷம். அத்தனை தலையும் வந்தது, ஒன்றைத் தவிர. மறுபடி எண்ணினேன். ஒன்று குறைந்தது. சாயங்காலம் அடைக்கிறபோதும் ஒன்று குறையும். என் வீட்டுக்காரருடைய வேலையில் ஒரு தலை குறையும்.

அதனால்தான் போனேன். இதைத்தான் யாரும் எழுதவில்லை. எண்ணிக்கை தப்பிவிடும் என்கிற பயத்தில்தான் போனேன். கேட்டைத் திறந்தேன். உள்ளே நுழைந்து மறுபடி பூட்டினேன். "தன் உயிருக்கான வழியைத் தானே அடைத்துக்கொண்டு" என்று பதக்கத்தோடு கொடுத்த தாளில் எழுதியிருக்கிறார்கள். பூட்டாமல் போனால் எவளாவது ஓடிவிடுவாள், எண்ணிக்கை இன்னும் தப்பும். அதற்குப் பூட்டினேன்.

நடந்தேன். சாவி போட்ட சத்தம் இருக்கிறதே, ஐந்து எல்லாம் இல்லை. ஐந்துக்கு மேலே நான் கணக்கே வைத்திருக்கவில்லை. அவ்வளவு கலவரத்திலும் என் காதுக்கு அது மட்டும்தான் கேட்டது. தொட்டிப் பக்கம் போய், அந்த வளையத்தாலேயே வெள்ளத்தாய் தோளில் ஓங்கிப் போட்டேன். நான் என் வாழ்க்கையில் அடித்த ஒரே அடி. எலும்பு சத்தம் கேட்டது. அவள் கை விட்டது. பவுனை முடியைப் பிடித்துத் தூக்கித் தரையில் போட்டேன். மூக்கிலும் வாயிலும் தண்ணீர் கொட்டியது. உதடு நீலம்.

அப்புறம் என்மேல் விழுந்தார்கள். எத்தனை பேர் என்று என்னால் எண்ண முடியவில்லை, முகம் தரையில் இருந்தது. பவுனு மேல் கவிழ்ந்து கிடந்தேன். அதையும் "தன் உடலைக் கேடயமாக்கி" என்று எழுதியிருக்கிறார்கள். கேடயமும் இல்லை ஒன்றும் இல்லை, தள்ளிவிட்ட இடத்தில் விழுந்தேன், அவள் கீழே இருந்தாள். தலையில் வாளியால் அடித்தார்கள். காதில் உதைத்தார்கள், அப்போதுதான் சவ்வு. முதுகில் தட்டு விளிம்பால் கீறினார்கள். ஒருத்தி சாவியைப் பிடுங்கினாள். வளையத்துக்குள் என் நடுவிரல் போயிருந்தது. அவள் திருகினாள். விரல் முறிந்தது. மறுபடி திருகினாள். இதோ பாருங்கள், இந்த விரல். இன்றைக்கும் மடங்காது. சாவி போகவில்லை. "கடைசி வரை சாவியை விடவில்லை" என்று எல்லோரும் கை தட்டினார்கள். நான் எங்கே பிடித்தேன்? அது மாட்டிக்கொண்டது.

படை வந்தது, தடியால் அடித்து எல்லோரையும் பிரித்தது. தலையில் ஒன்பது தையல், முதுகில் பதினாறு. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் நான் கேட்டது, "எண்ணிக்கை சரியா இருக்கா?" அதையும் மேடையில் சொல்லிப் பெருமைப்பட்டார்கள். என்ன செய்ய?

ஐயோ. அது அடி விழுந்த சத்தம். கேட்டீர்களா? கன்னத்தில். திரும்பாதீர்கள் டீச்சர். அய்யலூர் தாண்டிவிட்டோம் இல்லையா? வையம்பட்டியில் இறங்கிவிடுவார்களாக இருக்கும்.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். போன மாதம் ஆஸ்பத்திரி வாசலில் ஒருத்தி என் கையைப் பிடித்தாள். தள்ளுவண்டியில் இட்லி போடுகிறாள். பவுனு. எனக்கு அடையாளம் தெரியவில்லை, சதை போட்டிருந்தாள். அவளுக்கு என்னைத் தெரிந்தது. "விரலைப் பாத்துத்தாம்மா கண்டுபிடிச்சேன்" என்றாள். ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, வேண்டாம் வேண்டாம் என்றாலும் நாலு இட்லி வைத்தாள்.

பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்று அவளிடம் சொன்னேன். அவளுக்குச் சொல்ல வேண்டியது நியாயம் இல்லையா, அவள் பெயரில்தானே வாங்கினேன். "எனக்கு பயம் பவுனு. நீங்க எல்லாரும் சேர்ந்து பேரே வச்சீங்களே, சலங்கைன்னு" என்றேன்.

அவள் கரண்டியை வைத்துவிட்டாள். "அது கேலின்னா நெனச்சீங்க?"

"பின்ன?"

"மத்தவங்க யாரு வந்தாலும் சத்தம் வராதும்மா. முதுகுல அடி விழுந்த பொறவுதான் வந்ததே தெரியும். நீங்க ஒருத்தர்தான் வர்றத சொல்லிட்டு வருவீங்க. ஒருத்தி ஒருத்தியப் போட்டு அடிச்சிக்கிட்டிருப்பா, சலங்கை கேட்டதும் கைய எறக்கிருவா. நாங்க ராவுல பயந்து கெடந்தா, ஒங்க டூட்டி அன்னிக்கு வராந்தாவுல அது கேக்கும். கேட்டா தூங்குவோம்."

அவள் மறுபடி கரண்டியை எடுத்து என் தட்டில் சட்னி ஊற்றினாள்.

"அன்னிக்கும் கேட்டுச்சும்மா. தண்ணிக்குள்ள தலை இருக்கு. ஒண்ணும் தெரியல. எம்புள்ள போன மாதிரியே நானும் போறேன், போனா போகட்டும்னு வாயத் தொறக்கப் போனேன். அப்ப கேட்டுச்சு. தண்ணிக்குள்ள சத்தம் நல்லா கேக்கும். கிட்ட வருது, கிட்ட வருதுன்னு தெரிஞ்சுது. சரி, இன்னும் ஒரு நிமிசம் புடிச்சுப் பாப்போம்னு மூச்சப் புடிச்சேன்."

இதைச் சொல்லிவிட்டு அவள் அடுத்த ஆளுக்கு இட்லி எடுத்துவைக்கப் போய்விட்டாள்.

டீச்சர், நீங்கள் ஏன் கண்ணைத் துடைக்கிறீர்கள்? நான் சொல்ல வந்தது வேறு. நியாயமாகக் கூட்டிப் பாருங்கள். மூச்சைப் பிடித்தது அவள். அதற்கு மார்க் அவளுக்கு. சத்தம் போட்டது சாவி. சாவி சத்தம் போட்டது கை நடுங்கியதால். கை நடுங்கியது பயத்தால். இதில் வீரம் என்று எந்த இடத்தில் எழுதுவீர்கள்? என் நடுக்கத்தை இத்தனை பேர் வேறு என்னவோ என்று நினைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறார்கள். தெரியாமலே அத்தனை பேரை ஏமாற்றியிருக்கிறேன். அதைக் கேட்ட பிறகுதான் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும் என்று டிக்கெட் எடுத்தேன்.

நீங்கள் பேப்பர் திருத்துகிறவர். மூன்று தடவை கூட்டுகிறவர். உள்ளதைச் சொல்லுங்கள். எனக்கு எத்தனை போடுவீர்கள்?

சொல்லுங்கள் டீச்சர். நான் வருத்தப்பட மாட்டேன்.

இருங்கள். அவன் மறுபடி அடிக்கிறான். சேலையைக் கழுத்தோடு சேர்த்து முறுக்குகிறான். அந்தப் பெண் சத்தம் போடவில்லை, பார்த்தீர்களா? சத்தம் போட மூச்சு வரவில்லை. பின் சீட்டில் எத்தனை ஆம்பிளைகள்? ஐந்து. மறுபடி எண்ணினாலும் ஐந்துதான். ஐந்து பேரும் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறார்கள். "கண்டக்டர்! கண்டக்டர் தம்பி!"

என்ன சொல்கிறார், கேட்டீர்களா? "குடும்ப விசயம்மா, நாம என்ன பண்றது."

சரிதான். குடும்ப விஷயம். நான் என்ன வார்டரா இப்போது? அப்போதே வார்டர் இல்லை. எனக்கு அறுபத்தேழு வயது, ஒரு காது இல்லை, ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நிற்கக்கூட முடியாது. அவன் தோளைப் பாருங்கள், கதவு மாதிரி இருக்கிறது. ஒரு தள்ளு தள்ளினால் படிக்கட்டு வழியாகப் போய்விடுவேன். என்னால் முடியாது டீச்சர்.

இந்த டப்பாவைக் கொஞ்சம் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். விடைத்தாள் கட்டின் மேலேயே வையுங்கள், கனம் இல்லை. நான் வருவதற்குள் மணப்பாறை வந்துவிட்டால் சீட்டிலேயே வைத்துவிட்டு இறங்குங்கள். எனக்காகக் காத்திருக்க வேண்டாம்.

இது ஒன்றுமில்லை, வீட்டுச் சாவி. இடுப்பில் குத்துகிறது என்று கையில் எடுத்தேன். வாசல் சாவி, பீரோ சாவி, இரண்டே இரண்டுதான் வளையத்தில்.

கேட்கிறதா? நான் இன்னும் எழுந்திருக்கவே இல்லை. அதற்குள் ஆரம்பித்துவிட்டது.